உப்பும் ஒளியும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கிச் செல்வோர் மரக்காணத்தை நெருங்கும்போது விந்தையான காட்சியொன்றைக் காண்பர். சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். தார்ச்சாலையின்மேல் கானல் நெளியும். ஆயினும் சாலையோரத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பனி பெய்து ஓய்ந்ததுபோல் நிலம் வெளுத்துக் கிடக்கும். வரப்புகளின்மேல் வெண்குவியல்கள் வரிசையாக நிற்கும். பயணம் செய்வோருள் சிலர் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு புறப்படுவர். வீடு திரும்பி அப்படத்தைப் பார்க்கையில் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். கண்ணைக் கூசவைத்த வெண்மை படத்தில் இராது. உப்பு, சாம்பல் பூத்த மண்மேடாகத் தெரியும். சாலைக்கு அப்பால் வேலை செய்துகொண்டிருந்த மனிதரோ ஒரு கரும்புள்ளியாகச் சுருங்கியிருப்பார்.

கண் கண்டதைக் கருவி ஏன் காணவில்லை? ஒளிப்படக்கலையைப் பொழுதுபோக்காகக் கொள்பவர் முதலில் எதிர்கொள்ளும் வினா இதுவே. இதற்கு விடை தேடுபவர் கருவியைப் பற்றி மட்டும் கற்றால் போதாது. நிலத்தையும் பருவத்தையும் அங்கு வாழும் மக்களையும் கற்றாக வேண்டும். அவ்வகையில் மரக்காணத்து உப்பளக் கரை ஒரு நல்ல பள்ளிக்கூடம்.

வெண்மை என்னும் சிக்கல்

ஒளிப்படக் கருவிக்குத் தன் முன்னால் இருப்பது உப்பா, கரியா என்பது தெரியாது. உள்ளே வரும் ஒளியின் அளவை மட்டுமே அது அளக்கிறது. உலகிலுள்ள பொருள்கள் சராசரியாக நடுத்தரச் சாம்பல்நிற அளவுக்கே ஒளியைத் திருப்பியனுப்பும் என்னும் எடுகோளின்மேல் ஒளியளவிகள் அமைக்கப்பட்டுள்ளன. புல்வெளிக்கும் மண்தரைக்கும் வீட்டுச் சுவருக்கும் இக்கணக்கு ஓரளவு பொருந்தும். உப்புக்குப் பொருந்தாது. வெண்மை நிறைந்த காட்சியைக் கண்டதும் கருவி, ‘ஒளி மிகுந்துவிட்டது’ என்று கருதித் தன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. வெள்ளை சாம்பலாகிறது; சாம்பல் கறுப்பாகிறது. கரிக்குவியலைப் படம் எடுத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

தீர்வு எளியது. கருவி சொல்வதைவிட ஒன்றிலிருந்து ஒன்றரை மடிநிலை வரை கூடுதலாக ஒளியை உள்ளே விடவேண்டும். ஒரு மடிநிலை என்பது இருமடங்கு ஒளியைக் குறிக்கும். இன்றைய செல்பேசிகளிலும், திரையைத் தொட்டு விரலை மேலே நகர்த்தினாலோ அமைப்புகளை மாற்றினாலோ இதனைச் செய்ய இயலும். ஆனால் எவ்வளவு கூட்டுவது என்பதைக் கருவி சொல்லாது. மிகுதியாகக் கூட்டினால் உப்பின் மணிகள் எல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். குவியலின் சரிவில் மணிகளும் தெரிய வேண்டும், வெண்மையும் நிற்க வேண்டும். அந்த நடுநிலையைக் கண்டறிவதற்குப் பத்துப் படங்களாவது பாழாக வேண்டியிருக்கும்.

உப்பளத்தில் மற்றொரு புதுமையும் உண்டு. மரக்காணம் வடக்கு அகலாங்கு 12 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. ஆகவே ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் கதிரவன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கிறது. அப்போது நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். வேறிடங்களில் இத்தகைய ஒளியில் மனிதரைப் படம் எடுத்தால் கண்குழிகள் இருண்டு முகம் கடுமையாகத் தோன்றும். உப்பளத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. தரையிலுள்ள உப்பு மேலிருந்து விழும் ஒளியை வாங்கிக் கீழிருந்து மேலாக முகத்தின்மீது வீசுகிறது. அருகே சென்று படம் எடுப்பவருக்கு இது பேருதவி. படப்பிடிப்புத் தளங்களில் வெள்ளை அட்டைகளைப் பிடித்துச் செய்யும் வேலையை இங்கு நிலமே செய்துவிடுகிறது. ஆனால் படம் எடுப்பவர்க்கு வாய்ப்பாக அமையும் அதே ஒளிதான் நாள் முழுதும் அங்கே பாடுபடுவோரின் கண்களை மேலிருந்தும் கீழிருந்தும் தாக்குகிறது. உப்பளத் தொழிலாளர்கள் கண்ணைச் சுருக்கியே நோக்குவதன் காரணம் அப்படத்தில் தானாகவே பதிவாகிவிடும்.

ஒளிப்படத்தின் பிறப்பில் உப்பு

உப்புக்கும் ஒளிப்படத்துக்குமான உறவு தற்செயலானதன்று. அது கலையின் பிறப்பிலேயே தொடங்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட், தொழிலாகக் கருதாமல் தம் ஆர்வத்தாலேயே ஆய்வுகளைச் செய்தவர். அவர் 1830களில் தாளைக் கறியுப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டைப் பூசினார். இரண்டும் வினைபுரிந்து வெள்ளிக் குளோரைடாக மாறின. ஒளி பட்ட இடம் கறுத்தது. படாத இடம் வெளுப்பாகவே நின்றது. அவ்வாறு கிடைத்த படம் மேலும் கறுத்துவிடாமல் நிறுத்தி வைப்பதற்கும் முதலில் அவர் நாடியது செறிந்த உப்புக்கரைசலையே. தம் கண்டுபிடிப்பை அவர் 1839இல் உலகுக்கு அறிவித்தார். இம்முறையில் அச்சிடப்பட்ட படங்கள் உப்புத்தாள் படங்கள் எனப்பட்டன.

அக்கலை விரைவிலேயே சென்னைக்கும் வந்தது. சென்னையில் கலைப்பள்ளி ஒன்றை 1850இல் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர், அதே பத்தாண்டில் ஒளிப்பட ஆர்வலர்களை ஒன்றுதிரட்டிச் சென்னை ஒளிப்படச் சங்கம் உருவாகவும் காரணமாக இருந்தார். அச்சங்கம் இன்றும் இயங்கி வருகிறது. படைத்துறை அலுவலரான லின்னேயஸ் டிரைப் முதலில் ஆர்வத்தின் பொருட்டே இக்கலையைக் கற்றார். பின்னர்ச் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞரானார். அவர் 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒரே நீள்படமாக அவர் ஒட்டிய முயற்சி இன்றும் வியக்கத்தக்கது.

பனிக்காலமும் உப்புக்காலமும்

மரக்காணம் பழமையான நெய்தல் நிலம். சிறுபாணாற்றுப்படையில் குறிக்கப்படும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் கருதுவர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர்காலக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில் முடிவடைகிறது. சாலைப் போக்குவரத்து வளர்வதற்குமுன் உப்பு மூட்டைகள் இக்கால்வாயில் படகேறிச் சென்னைக்குச் சென்றன.

இந்நிலத்தைப் படம் எடுக்க விரும்புவோர் அதன் ஆண்டுச் சுழற்சியை அறிந்திருத்தல் வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் கறியுப்பு படிகமாகத் தொடங்கும். இதற்குக் கதிரவனும் காற்றும் மட்டுமே அடுப்பு. எனவே நீர் முதலில் அகன்ற பாத்திகளில் தேக்கப்பட்டு, சூடேறச் சூடேற அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றப்படுகிறது. கடைசிப் பாத்தியில் நீரின்மேல் மெல்லிய ஏடு படர்ந்து, பின் கனத்து, அடியில் படியும். நீண்ட கைப்பிடி பொருத்திய மரப்பலகையால் அதனை வாரிக் கரையேற்றுவர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இவையனைத்தும் நின்றுவிடும். பாத்திகள் குளமாகும். எஞ்சிய உப்புக்குவியல்கள் ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடப்பட்டுக் கிடக்கும்.

ஆக, உலகின் குளிர்நாடுகளில் வெண்மை பனிக்காலத்தில் வருகிறது. மரக்காணத்தில் அது கோடையில் வருகிறது. இங்கே பனிக்காலக் காட்சி என்பது வெண்மையன்று, நீர். வானத்தைத் திருப்பிக் காட்டும் ஆயிரம் கண்ணாடிகளாகப் பாத்திகள் விரிந்திருக்கும்.

குளிர்நாட்டுப் பனியைப் படம் எடுத்த ஒருவரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் 1865இல் பிறந்தவர் வில்சன் பென்ட்லி. அவர் ஓர் உழவர். நுண்ணோக்கியையும் ஒளிப்படக் கருவியையும் இணைத்து 1885 சனவரி 15ஆம் நாள் ஒற்றைப் பனித்துகளை முதன்முதலாகப் படம் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 19. பனித்துகளைக் கறுப்புப் பலகையில் ஏந்தி, உள்ளறைக்குக் கொண்டுவராமல், குளிரும் கொட்டகையிலேயே மூச்சை அடக்கிக்கொண்டு அவர் பணியாற்றினார். மூச்சுக்காற்று பட்டாலே துகள் உருகிவிடும். அண்டை அயலாருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. ஆனால் ஒரே ஊரில், ஒரே கொட்டகையில், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் எடுத்த 5,000க்கும் மேற்பட்ட படங்கள் பனித்துகள்களின் ஆறுமுக வடிவத்தை உலகுக்குக் காட்டின. அவற்றுள் 2,400க்கும் மேற்பட்டவை 1931இல் நூலாக வெளிவந்தன. அவ்வாண்டின் இறுதியிலேயே, பனிப்புயலில் நடந்து சென்றபின் நோயுற்று அவர் மறைந்தார்.

பென்ட்லி செய்ததை மரக்காணத்தில் வாழும் ஒரு மாணவர் மிகக் குறைந்த செலவில் செய்து பார்க்கலாம். பனித்துகள் அறுகோணம், உப்பு மணி கனசதுரம். கறுப்புத் துணியின்மேல் நான்கைந்து கல்லுப்பு மணிகளை வைத்து, காலை வெயில் பக்கவாட்டில் விழுமாறு செய்து, செல்பேசியின் முன் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்தால் போதும். சில மணிகளின் முகம் நடுவில் குழிந்து படிக்கட்டுப் போல் இறங்குவதைக் காணலாம். படிகத்தின் விளிம்புகள் அதன் நடுப்பகுதியைவிட விரைந்து வளர்வதே இதற்குக் காரணம். உப்பு உருகாது, மூச்சை அடக்க வேண்டிய தேவையும் இல்லை.

மார்கழி விடியலும் பறவைகளும்

மழை ஓய்ந்தபின் வரும் மார்கழி, தை மாதங்களே இக்கரையில் ஒளிப்படக்காரர்களின் பொற்காலம். மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. அதையொட்டிய ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. விடியற்காலையில் வரப்புகளும் பனைகளும் மின்கம்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே சென்று மறையும். தொலைவு என்பதைத் தட்டையான படத்தில் காட்டுவதற்கு மூடுபனியைவிடச் சிறந்த துணை இல்லை. மேலும், டிசம்பர் இறுதியில் நண்பகலிலும் கதிரவன் இங்கு 54 பாகை உயரத்துக்கே ஏறுகிறது. ஆதலால் பகல் முழுவதும் நிழலுக்கு நீளமும் பொருள்களுக்குத் திரட்சியும் கிடைக்கின்றன.

ஊருக்கு அருகில் விரிந்துள்ள கழுவெளி ஏரியில் இப்பருவத்தில்தான் வலசைப் பறவைகள் திரளும். ஏரியின் நன்னீரும் கழிமுகத்தின் வழியே வரும் கடல்நீரும் கலக்கும் இவ்வீரநிலம், தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் பழவேற்காட்டுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவது. தமிழ்நாட்டரசு 2021இல் இதனைப் பறவைகள் புகலிடமாக அறிவித்தது. பூநாரை, கருவால் மூக்கன், ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகள் எனப் பலவற்றை இங்குக் காணலாம்.

பறவையைப் படம் எடுப்பதில் பலர் செய்யும் பிழை, படம் எழிலாக அமைய வேண்டுமென்று கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவைப்பது. வானம் நிறைந்த சிறகுகள் காண்போரைக் கவரும் என்பது உண்மையே. ஆயின் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிச் செல்வதற்காக உடலில் கொழுப்பைச் சேமித்துக்கொண்டிருக்கும் பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் இழப்பு. அவ்வாறு எடுக்கப்பட்ட படத்தில் இருப்பது பறவையின் இயல்பு அன்று, அதன் அச்சம்.

பறவையின் இயல்பைக் காத்திருந்து பதிவு செய்வது எவ்வாறு என்பதற்குத் தமிழகத்தில் ஒரு முன்னோடி உண்டு. அவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன். 1912இல் பிறந்த அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார், சட்டமும் படித்தார். சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி எனப் பல பணிகளைச் செய்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் ஒளிப்படத்தையும் கொண்டே வாழ்ந்தார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கை பற்றிய பத்தியை 1996இல் தாம் மறையும் வரை எழுதினார். தமிழிலும் காட்டுயிர்களைப் பற்றிச் செறிவான கட்டுரைகளை எழுதியுள்ளார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கிருஷ்ணன் விலையுயர்ந்த கருவிகளை நாடவில்லை. ஒரு கருவியின் உடலையும் மற்றொன்றின் வில்லையையும் பொருத்தித் தம் தேவைக்கேற்பத் தாமே ஒரு கருவியை அமைத்துக்கொண்டார். அதன் எடையை எள்ளி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் சூட்டினார். வண்ணப்படம் பரவலாகிவிட்ட பின்னரும் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். தொலைதூரக் காடுகளுக்குச் சென்ற அவரே, ஊர்ப்புறத்து ஓணானையும் காக்கையையும் தெருவோரத்து விலங்கையும் அதே மதிப்புடன் நோக்கியவர். அரிய உயிரைத் தேடி அலைவதைவிட அருகிலிருப்பதைக் கூர்ந்து பார்ப்பதே கடினம் என்பதை அவருடைய எழுத்தும் படமும் உணர்த்துகின்றன. ஒரு படத்தைப் பார்த்ததும், அந்த விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது, ஏன் அவ்வாறு நின்றது என்று அவரால் ஒரு கட்டுரை அளவுக்குச் சொல்ல முடிந்தது. கருவியை இயக்கும் கையைவிட அந்த அறிவே பெரிது.

கபடிக் களம்

பறவைக்குக் காத்திருக்கலாம், கபடிக்குக் காத்திருக்க இயலாது. பொங்கலையொட்டி இக்கரையோர ஊர்களில் மாலை நேரங்களில் கபடியும் கைப்பந்தும் களைகட்டும். ஒளி குறைந்துகொண்டே வரும் பொழுது. புழுதி எழும் தரை. ஓரிடத்தில் நில்லாத ஆட்டக்காரர்கள். ஒளிப்படம் பயில்வோர்க்கு இதைவிடக் கடினமான தேர்வு அமையாது.

இதன் கணக்கை ஒரு சான்றால் விளக்கலாம். பாடிச் செல்பவர் நொடிக்கு 5 மீட்டர் விரைவில் திரும்பி ஓடுகிறார் என்று கொள்வோம். கருவியின் ஷட்டர் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் அதற்குள் அவர் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், படம் கலங்கிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தால் அவர் நகர்வது அரை சென்டிமீட்டர்தான்; படம் தெளிவாக அமையும். ஆனால் திறந்திருக்கும் நேரம் குறையக் குறைய உள்ளே வரும் ஒளியும் குறையும். மாலையில் இவ்விரண்டுக்கும் இடையே இழுபறி நிகழும். சிலர் இதனை வெல்ல முயலாமல், ஓடுபவரோடு கருவியையும் திருப்பியவாறே படம் எடுப்பர். ஆட்டக்காரர் தெளிவாகவும் பின்புலம் கோடுகளாகவும் அமைந்து, அசையாத படத்துக்குள் விரைவு புகுந்துவிடும்.

ஓட்டத்தை நிறுத்திக் காணும் வேட்கை பழையது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழுகின்றனவா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய விவாதம். எட்வர்டு மைபிரிட்ஜ் 1878 சூன் மாதம் கலிபோர்னியாவில் பன்னிரண்டு கருவிகளை ஓடுபாதையின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தி, குதிரை ஓடும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாக இயங்குமாறு செய்தார். நான்கு கால்களும் எழும் கணம் உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் ஓவியர்கள் தீட்டிவந்தவாறு கால்களை முன்னும் பின்னும் நீட்டிய நிலையில் அன்று. வயிற்றின்கீழ் மடக்கிய நிலையில்.

கபடியில் எந்தக் கணத்தைப் பிடிப்பது? பாடிச் செல்பவருக்கு 30 நொடிகள் உண்டு. அதில் பெரும்பகுதி தயக்கமும் ஏய்ப்புமே. கால் நீண்டு எதிரணியினரைத் தொடும் கணமும், அவர்கள் பாய்ந்து மடக்கும் கணமும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். கண்ணால் கண்டபின் பொத்தானை அழுத்தினால் காலங்கடந்துவிடும். ஆட்டம் அறிந்தவரே முன்னுணர்ந்து அழுத்துவார். நகரத்திலிருந்து உயர்ந்த கருவியோடு வருபவரைவிட, அதே களத்தில் விழுந்து முழங்கால் தேய்ந்த உள்ளூர் இளைஞர் எடுக்கும் படம் சிறப்பதற்கு வாய்ப்புண்டு. எந்த ஆட்டக்காரர் இடக்காலை ஊன்றினால் வலப்பக்கம் பாய்வார் என்பது அவருக்குத் தெரியும்.

கல்லாகிய மரங்கள்

மரக்காணம் அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்திலேயே, மேற்கே திருவக்கரையில், தேசியக் கல்மரப் பூங்கா உள்ளது. பழங்காலத்தில் வெள்ளத்தால் அடித்துவரப்பட்ட அடிமரங்கள் மணலில் புதைந்தன. காலப்போக்கில் மரத்தின் பொருள் நீங்கி அவ்விடத்தில் சிலிக்கா நிறைந்தது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழைமையுடைய இக்கல்மரங்களை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காத்துவருகிறது. பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா 1781இல் இவற்றைப் பதிவு செய்தார்.

படத்தில் கல்மரம் வெறும் மரக்கட்டையாகவே தெரியும் என்பதுதான் இங்குள்ள இடர். உச்சிவெயிலில் எடுத்தால் மரத்தின் வரிகளும் கல்லின் பளபளப்பும் ஒருசேர மறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ சாய்வாக விழும் ஒளியில் வளையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து நிற்கும். அளவு தெரிவதற்காக அருகே ஒரு மீட்டர் கோலையோ மனிதரையோ சேர்த்துக்கொள்வது அறிவியல் முறை. அழகு சற்றுக் குறையலாம், பயன் கூடும்.

நாளிட்ட படங்கள்

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவரிடம் செய்தியாளரிடம் இல்லாத ஒன்று உள்ளது: காலம். செய்தியாளர் புயல் அடித்த மறுநாள் வருவார்; அன்றைய படத்தோடு அவர் பணி முடியும். அவ்வூரிலேயே வாழ்பவரோ புயலுக்கு முந்திய நாளையும் ஓராண்டுக்குப் பிந்திய நாளையும் அதே இடத்தில் நின்று எடுக்க இயலும். மரக்காணக் கரை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்டது. 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும் 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலையும் கண்டது. ஃபெஞ்சலின்போது உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. எந்த வரப்பு உடைந்தது, நீர் எவ்வளவு உயர்ந்தது, எத்தனை நாள் தேங்கியது என்பனவற்றுக்கு இத்தகைய படங்கள் சான்றாக நிற்கும். வடக்கே கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக் கோட்டையின் செங்கற் சுவர்களும் ஆண்டுதோறும் கடலுக்கு இடங்கொடுத்து வருகின்றன. இன்று எடுக்கும் படத்தில் இருக்கும் சுவர் பத்தாண்டு கழித்து நிலத்தில் இல்லாமற் போகலாம்.

சான்றாக வேண்டுமெனில் படத்துக்குச் சில துணைகள் தேவை. எடுத்த நாள், நேரம், இடம் ஆகியவை குறிக்கப்பட வேண்டும். அடுத்த முறையும் அதே இடத்தில் நிற்பதற்கு ஒரு மதகோ மைல்கல்லோ அடையாளமாக இருக்க வேண்டும். மேகமில்லாத வானத்தில் மேகத்தையும் பறவை இல்லாத ஏரியில் பறவையையும் மென்பொருளால் சேர்த்துவிடும் வசதி இன்று எளிதாகிவிட்டது. அவ்வாறு செய்த படம் சுவரில் மாட்ட உதவலாம், சான்றுக்கு உதவாது.

மனிதரைப் பொறுத்தவரையில் இன்னும் ஒன்று வேண்டும். தலையில் உப்புக்கூடை சுமந்து வரிசையாக வரப்பில் நடக்கும் பெண்களின் நிழலுருவம் ஒளிப்படப் போட்டிகளில் பலமுறை பரிசு பெற்ற காட்சி. அவர்களுள் எத்தனை பேரிடம் இசைவு கேட்கப்பட்டது, எத்தனை பேர் அப்படத்தைக் கண்டனர் என்பது வேறு செய்தி. வெறுங்காலில் உவர்நீரில் நின்று வேலை செய்வதால் தோலில் வெடிப்பும் புண்ணும் உண்டாகின்றன. மழைக்காலத்தில் வேலையே இல்லை. அம்மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ. 5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2022இல் கொண்டுவந்தது. நிழலுருவப் படத்தில் முகமும் காலும் தெரிவதில்லை. ஆகவே அப்படம் எத்துணை அழகாயினும் இவற்றுள் எதையும் சொல்வதில்லை. பெயரறிந்து, பேசிப் பழகி, இசைவு பெற்று, எடுத்த படத்தின் ஒரு படியை அவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுப்பவர் மறுமுறை செல்லும்போது வேறுவகைப் படத்தோடு திரும்புவார்.

தை பிறந்து நீர் வடிந்ததும் உப்பளத்தில் அவ்வாண்டுக்கான வேலை தொடங்கும். கரைந்த வரப்புகளைச் சேற்றால் கட்டியெழுப்புவர். பாத்தியின் அடித்தரையைக் காலால் மிதித்து இறுக்குவர். உப்பு விளைவதற்கு இன்னும் பல வாரங்கள் உள்ளன. எங்கும் பழுப்பு நிறச் சேறும் கலங்கிய நீருமே தெரியும். சாலையில் செல்வோர் அப்போது வண்டியை நிறுத்துவதில்லை.